ஹார்ட் ஃபெயிலியரில் அட்மிட் ஆகி வந்தவரை மறுபடி நடக்க வைப்பது: வார்டு கட்டிலிலிருந்து மூன்றாம் மாதம் வரை

இதயத்தால் உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அனுப்ப முடியாமல், நுரையீரலில் தண்ணீர் கோத்து, மூச்சு இளைத்து, ஐ.சி.யூ. வரை போய்த் திரும்பியவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டிஸ்சார்ஜ் நாளில் ஆஸ்பத்திரியில் சொல்வது, "தினமும் அரை மணி நேரம் நடங்க." வீட்டுக்குப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் சொல்வது, "ஹார்ட் வீக்கு, அசையாமப் படுங்க." இரண்டுமே இவருக்குப் பொருந்தாது. ஒரு வாரம் கட்டிலில் கிடந்தவருக்கு அரை மணி நேரம் நடக்கும் அளவுக்குக் காலில் தெம்பு இருக்காது. படுத்தே கிடந்தாலோ மிச்சமிருக்கும் தெம்பும் போய்விடும். முதலில் தடுமாறாமல் நிற்க வேண்டும். அடுத்து, கை ஊன்றாமல் சேரிலிருந்து எழ வேண்டும். அதற்கப்புறம் நடை. வேகம் கடைசி. இந்த வரிசையைத் தாண்டிப் போகும்போதுதான் விழுவதும், பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்துவதும் நடக்கிறது.

முதல் தடவையாக இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் போகிற வீட்டாருக்காக எழுதியது இது. "உடற்பயிற்சி தொடங்கலாம்" என்று இதய மருத்துவர் சொன்ன பிறகுதான் இதைக் கையில் எடுக்க வேண்டும். இதில் வரும் எண்கள் பொதுவானவை. உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே கணக்கு.

எக்கோ எண்ணை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் "பம்பிங் 30%", அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, என்று பார்த்த நாளிலிருந்து வீடே அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒருவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதை அந்த எண் சரியாகச் சொல்வதில்லை. பம்பிங் 25% உள்ளவர் கடைத்தெருவுக்குப் போய் வருவார். 55% உள்ளவர் கூடத்தைக் கடக்கத் திணறுவார். ஹார்ட் ஃபெயிலியரில் பம்பிங் குறையாத வகையும் உண்டு. வயதானவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அது நிறைய. மூச்சு வாங்குவதில் கணிசமான பங்கு கால் தசையுடையது. இளைத்த தசை, தனக்கு வரும் ஆக்சிஜனைச் சரியாகப் பயன்படுத்தாது. சின்ன வேலைக்கும் மூச்சை இரைக்க வைக்கும்.

ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்திருந்தது. வீங்கிய காலோடும் பசியில்லாமலும் படுத்திருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். இதில் ஒரு மறைவான சிக்கலும் இருக்கிறது. தசை குறைந்து நீர் கூடினால் எடைமெஷினில் எண் மாறாமலே நிற்கும். வீட்டார் "எடை அப்படியேதான் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பார்கள். வெயிட்டோடு சேர்த்துத் தொடையையும் பாருங்கள். வேட்டியோ சுடிதாரோ தொடைப் பக்கம் தொளதொளத்து, கணுக்காலில் மட்டும் இறுக்கமாக இருந்தால் அதுதான் நடக்கிறது.

2021-இல் வெளியான ரிஹாப் எச்.எஃப். என்ற ஆய்வு இப்படி அட்மிட் ஆன, 60 வயது தாண்டிய 349 பேரை எடுத்துக்கொண்டது. நடையோடு நிற்காமல், சமநிலை, கால் பலம், எழுந்து நடமாடுதல், தாக்குப்பிடிக்கும் திறன் என்று நான்கையும் சேர்த்து, வாரம் மூன்று நாள் என்று 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் அவர்களின் நடமாட்ட மதிப்பெண் 12-க்கு 8.3, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 6.9. மறுபடி அட்மிட் ஆவது தெளிவாகக் குறைந்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சி மாத்திரைக்கு மாற்று அல்ல. தானே குளித்து, தானே பாத்ரூம் போய், வாசல்வரை வந்து உட்காரும் வாழ்க்கையைத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை.

வார்டில்: எப்போது தொடங்கலாம்

படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் தொடங்கக் கூடாது. பி.பி.யைத் தூக்கி நிறுத்தும் மருந்தின் அளவு இன்னும் கூடிக்கொண்டே போகிறது, ஆக்சிஜன் தேவை ஏறுகிறது, புதிதாக நெஞ்சுவலி, காய்ச்சல், கட்டுக்கு வராத படபடப்பு, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டும். பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவருக்கும், காலிலோ நுரையீரலிலோ புதிதாக ரத்தக்கட்டி உள்ளவருக்கும் டாக்டர் தனியாகச் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. நீரை இறக்கும் லாசிக்ஸ் ஊசி போய்க்கொண்டிருப்பதும் யூரின் ட்யூப் இருப்பதும் மட்டும் தடையல்ல. யூரின் பையை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படி கட்டிலிலேயே. பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டுவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 10 தடவை. முழங்காலை மெத்தையோடு அழுத்தி 5 எண்ணிக்கை, பிறகு தளர்த்தல். ஒவ்வொரு காலுக்கும் 8 தடவை. எண்ணுவதை நோயாளியே வாய்விட்டு எண்ண வேண்டும். வாய் எண்ணிக்கொண்டிருக்கும்போது மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கி முக்கினால் பி.பி. குபீரென்று ஏறி இறங்கும். இதயத்துக்கு அது வேண்டாத பாரம். இந்த ஒரு பழக்கத்தை வார்டிலேயே ஏற்றிவிட்டால் மூன்று மாதத்துக்கும் உதவும்.

இரண்டாம் படி, காலைத் தொங்கவிட்டு உட்கார்தல். படுத்த நிலையில் ஒரு பி.பி., உட்கார்ந்ததும் ஒன்று, நின்ற பின் 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொன்று. மேல் எண் 20 அளவுக்கு இறங்கினாலோ, கண் இருட்டினாலோ அன்றைக்கு உட்காருவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரச்சினை இல்லையென்றால் மூன்றாம் படி: கட்டில் கம்பியைப் பிடித்து நின்று, இருந்த இடத்திலேயே அரை நிமிடம் காலைத் தூக்கி வைத்தல். மூன்று தடவை, நடுவில் உட்கார்ந்து ஓய்வு.

நான்காம் படி வராந்தா. முதல் நாள் 10 மீட்டர், பிறகு 30, 60, 100. தூரத்தை அளக்க டேப் தேடவேண்டாம். தரையில் 2 அடி டைல்ஸ் போட்டிருந்தால் 50 டைல்ஸ் 30 மீட்டர். ஒரு தூரத்தைத் தாண்டிய பிறகு நாடி ஓய்வு நிலையைவிட 20, 30-க்கு மேல் ஏறாமலும், பி.பி. இறங்காமலும், ஆக்சிஜன் 90-க்குக் கீழ் போகாமலும், 5 நிமிடத்துக்குள் மூச்சு சமநிலைக்கு வந்தும் இருந்தால் அடுத்த தூரத்துக்குப் போகலாம். இல்லையென்றால் நாளைக்கும் அதே தூரம். பெரியாஸ்பத்திரி போன்ற கூட்டமான வார்டில் காலை ரவுண்ட்ஸ் முடிந்து, பார்வையாளர்கள் வருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளிதான் இதற்குத் தோதான நேரம். ரப்பர் செருப்போடு மொசைக் தரையில் நடக்க விடாதீர்கள். பின்வார் உள்ள, பிடிப்பான செருப்பு வேண்டும். கால் வீங்கியிருக்கும்போது பழைய அளவு சேராது. ஒரு சைஸ் பெரியதாக வாங்குங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் மூன்று சோதனை

வார்டு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு இந்த மூன்றையும் செய்து, எண்களை டிஸ்சார்ஜ் பேப்பரின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் எங்கே தொடங்குவது என்பதை அவைதான் தீர்மானிக்கும்.

நிற்றல்: இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து 10 விநாடி, ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் பெருவிரல் பக்கத்தில் இருக்கும்படி 10 விநாடி, பிறகு ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் 10 விநாடி.

நடை: வழக்கமான வேகத்தில் 4 மீட்டர். 5 விநாடிக்குள் கடந்தால் நல்ல நிலை. 10 விநாடிக்கு மேல் ஆனால் ஒரு நிமிட, இரண்டு நிமிடத் துண்டுகளாகத்தான் வீட்டில் தொடங்க முடியும்.

எழுதல்: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு சேரிலிருந்து 5 தடவை எழுந்து உட்கார்தல். 15 விநாடி வாக்கில் முடித்தால் பரவாயில்லை. ஒரு தடவைகூட எழ முடியாதவருக்கு வீட்டில் முதல் இரண்டு வாரம் இதுதான் முக்கிய வேலை; நடை பின்னால் வரட்டும்.

வீட்டில்: ஒவ்வொரு காலையும் காபிக்கு முன்

சிறுநீர் கழித்த பின், காபிக்கு முன், அதே மாதிரி உடுப்பில், கெட்டித் தரையில் வைத்த மெஷினில் எடை. பாயின் மேலோ மிதியடி மேலோ வைத்தால் எண் மாறும். டிஸ்சார்ஜ் அன்று இருந்த எடைதான் அடிப்படை. ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேல், அல்லது 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டுச் சதையல்ல, நீர். அன்றைக்குப் பயிற்சி கிடையாது. டாக்டருக்குப் போன் போட வேண்டும்.

பிறகு நாடியும் பி.பி.யும். ஓய்வில் நாடி 110-ஐத் தாண்டினாலும், மேல் பி.பி. 90-க்குக் கீழே இருந்து தலைசுற்றினாலும் அன்றைக்கு விடுமுறை. பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பும் முன் விரலைப் பாருங்கள். மருதாணி இட்ட விரலிலும், நகப்பூச்சு இருந்தாலும், விரல் சில்லிட்டிருந்தாலும் எண் தப்பாக வரலாம். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் இன்னொரு முறை பாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: நேற்று ராத்திரி எத்தனை தலையணை? ஒன்றில் தூங்கியவர் இரண்டு கேட்டாலோ, நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்தாலோ, எடை மாறாவிட்டாலும் நீர் திரும்ப ஏறுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர், ஜன்னல் கம்பி, சுவர் மூலை

வீட்டுப் பயிற்சிக்கு இந்த மூன்று பொருளும் போதும். பிளாஸ்டிக் சேர் டைல்ஸ் தரையில் பின்னுக்கு வழுக்கும். எடை ஒரு பக்கமாக விழும்போது அதன் கால் அகன்று விரியும். மரச் சேரோ இரும்புச் சேரோ இருந்தால் அதுவே நல்லது. எதுவானாலும் முதுகுப் பக்கம் சுவரில் முட்டியிருக்க வேண்டும். உட்காரும் உயரம் 18 அங்குலம். அதிலிருந்து எழ முடியாவிட்டால் மடித்த ஜமுக்காளத்தைப் போட்டு 20, 21 அங்குலமாக்குங்கள், ஆனால் நழுவாமல் சேரோடு கட்டிவிடுங்கள். வாரம் ஒரு மடிப்பாகக் குறைத்துக்கொண்டே வரலாம்.

எழும் முறை: சேரின் முன்னோரத்துக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, மூச்சை ஊதிக்கொண்டே எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும். பலம் கூடுவது இந்த இறக்கத்தில்தான். பலரும் அதைத்தான் அவசரமாக முடிக்கிறார்கள். முதல் வாரம் 5 தடவை, 2 நிமிட ஓய்வு, மறுபடி 5. அது எளிதானதும் 8, பிறகு 10. மூன்று சுற்று ஆனதும் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஜமுக்காள மடிப்பைக் குறையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள் போதும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 10 தடவை. கெண்டைக்கால் தசை வேலை செய்தால் காலில் தேங்கிய ரத்தம் மேலேறும். நிற்கும்போது வரும் தலைசுற்றலும் குறையும். நிற்கும் பயிற்சியைச் சுவர் மூலையில் செய்யச் சொல்லுங்கள், முன்னால் ஒரு சேர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிமானம் இருக்கும். ஒரு விரலால் சேரைத் தொட்டபடி 10 விநாடி. பிறகு விரலையும் எடுத்துவிட்டு.

கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அரை கிலோ. முழங்கையை மடக்கி நீட்டுவது மட்டும். தலைக்கு மேல் தூக்கும் பயிற்சி தொடக்கத்தில் வேண்டாம்; கையை உயர்த்திச் செய்யும் வேலை, கால் வேலையைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்க வைக்கும். கொடியில் துணி காயப்போடும்போது இளைப்பதும் இதனால்தான். புதிதாகப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கக் கையை 4 முதல் 6 வாரம்வரை தோளுக்கு மேல் தூக்கவே கூடாது.

நடை

முதல் வாரம் ஒரு நடை 2, 3 நிமிடம், ஒரு நாளைக்கு 4 அல்லது 5 தடவை. கூடத்துக்குள்ளேயே போதும். இரண்டாம் வாரம் 5 நிமிடம், 4 தடவை. மூன்று, நான்காம் வாரங்களில் 8 முதல் 10 நிமிடம், 3 தடவை. ஐந்திலிருந்து எட்டாம் வாரம்வரை 15 நிமிடம், 2 தடவை. ஒன்பதாம் வாரத்துக்குப் பிறகு 20, 30 நிமிடம் ஒரே தடவை. நேரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். இடையில் சளி, காய்ச்சல் என்று நான்கு நாள் நின்றுபோனால் ஒரு படி இறங்கித் தொடங்குங்கள்.

எவ்வளவு கடினமாக நடக்கலாம் என்பதற்கு நாடியை நம்ப முடியாது. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்விடிலால் போன்ற மாத்திரைகள் நாடியை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு நாடியே ஒழுங்கில்லாமல் துள்ளும். அதனால் பேச்சைப் பாருங்கள். நடந்துகொண்டிருக்கும்போதே, "அப்பத்தா, இன்னைக்கு என்ன கொழம்பு வைக்கச் சொல்லுறீக?" என்று கேளுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் சரியான அளவு. "புளி... கொழம்பு..." என்று நடுவில் மூச்சு எடுத்தால் அதிகம். "நல்லாத்தேன் இருக்கேன், நீ வா" என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெரியவர்களில் பலர் பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று மறைப்பார்கள். மூக்கு விடைப்பது, தோள் ஏறி இறங்குவது, உதடு நிறம் மாறுவது ஆகியவை பொய் சொல்லாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை 6 முதல் 20 வரை எண்ணாகச் சொல்லும் போர்க் அளவுகோலைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்திருந்தால் 11-க்கும் 13-க்கும் நடுவில் நிற்பதுதான் இலக்கு.

நடை நேரம் நீண்டதும், தொடக்கத்தில் 3 நிமிடம் மெதுவாக, முடிவில் 5 நிமிடம் மெதுவாக. நடந்து வந்த வேகத்தில் சட்டென்று நின்றால் கால்களில் ரத்தம் தேங்கி பி.பி. இறங்கும், பலர் மயங்கி விழுவது நடக்கும்போதல்ல, நின்ற அடுத்த நிமிடத்தில். நடை முடிந்த கையோடு வெந்நீர்க் குளியலும் வேண்டாம்.

வெளியே நடக்கும் கட்டம் வந்ததும் இடம் முக்கியம். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றுவது மதுரைக்காரர்களுக்குப் பழகிய நடை. ஆனால் முழுச் சுற்று என்பது இவருக்குப் பொறி: களைப்பு தட்டும்போது வீட்டுக்கோ வண்டிக்கோ மிகத் தொலைவில் நிற்பார், முன்னால் போனாலும் திரும்பினாலும் ஒரே தூரம். ஒரே பக்கத்தில் போய், தெம்பு பாதிகூடக் குறைவதற்கு முன்னரே திரும்ப வேண்டும். 10 நிமிட நடை என்றால் 4-ஆவது நிமிடத்தில் திரும்புங்கள். திருப்பரங்குன்றம் கிரிவலத்துக்கும் இதே காரணம்தான்: பாதியில் விடமுடியாத பாதை முதல் மூன்று மாதத்துக்கு ஆகாது. கூட நடப்பவர் முன்னால் போகக் கூடாது. முன்னால் ஆள் போனால், நோயாளி அறியாமலே அவர் வேகத்துக்கு எட்டுவைப்பார்.

பங்குனியிலிருந்து ஆனிவரை மதுரை வெயில் தனிக் கணக்கு. காலை 5.30 முதல் 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். மொட்டைமாடி அந்தியிலும் தணலாகத்தான் இருக்கும். நீர் மாத்திரை ஒரு பக்கம் நீரை இறக்க, வியர்வை மறுபக்கம் இறக்க, பி.பி. விழும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொல்லியிருந்தால், கோடைக்கு அந்த அளவை மாற்ற வேண்டுமா என்று சித்திரைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், அழகரின் எதிர்சேவைக்கும் அவர் ஆற்றில் இறங்குவதற்கும் நெரிசலில் நிற்பதை இந்த ஆண்டு டி.வி.யோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சண்டை வரும், ஆனாலும் சொல்லுங்கள்.

எங்கே கெட்டுப்போகிறது

காலை பத்து மணித் தலைசுற்றல். பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை, நாடி குறைக்கும் மாத்திரை எல்லாவற்றையும் எட்டு மணிக்கு ஒரே வாயில் போட்டுவிட்டு ஒன்பதரைக்கு நடக்கக் கிளம்பினால், மருந்தின் உச்சமும் நடையும் ஒன்றாகச் சேரும். மாத்திரை நேரத்தைப் பிரிக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாகப் பிரிக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். நடை நேரத்தை மட்டும் நீங்கள் நகர்த்தலாம். நீர் மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரம் பாத்ரூமுக்கு ஓட்டமாக இருக்கும். அப்போதும் வெளியே கூட்டிப்போக வேண்டாம்.

முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரை. புதிதாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் பழைய மூட்டுவலி தலைதூக்கும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஏசெக்ளோஃபினாக் எல்லாமே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். சில நாளிலேயே மறுபடி அட்மிட் ஆக வைத்துவிடலாம். பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், ஜமுக்காள மடிப்பைக் கூட்டிச் சேரை உயர்த்துங்கள். வாயுவுக்குக் குடிக்கும் பொங்கும் உப்பிலும் சோடியம் நிறைய.

தெம்புக்கு என்று கொடுக்கும் சூப். ஆட்டுக்கால் சூப்பில் தசைக்கு வேண்டிய புரதம் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. உப்பும் நீரும்தான் அதிகம். முட்டை வெள்ளை, மீன் குழம்பில் குழம்பை விட்டு மீன், பருப்பு, சுண்டல் என்று கொடுங்கள். கிட்னி பாதிப்பு இருந்தால் அளவைக் கேட்டுக்கொண்டு. கருவாடு, அப்பளம், வத்தல், ஊறுகாய் கூடாது. நாளைக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூன், 5 கிராம், அதற்குள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் நீர் மாத்திரை) சாப்பிடுபவருக்கு, அதோடு ராமிப்ரில் வகை பி.பி. மாத்திரையும் இருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பாக்கெட்டிலும் இருப்பது பொட்டாசியம்தான்.

சர்க்கரை. இன்சுலினோ கிளிமிப்ரைடோ எடுப்பவருக்குப் பயிற்சிக்கு முன் 100-க்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, சற்றுப் பொறுத்துத் தொடங்கட்டும். பாதத்தைத் தினமும் பாருங்கள். வீக்கமும் மரத்துப்போதலும் சேர்ந்தால் செருப்புக் கடி தெரியாது.

மாடிப்படி, கழிவறை. நம் பழைய வீடுகளின் படி குறுகலும் செங்குத்துமானது. 5 நிமிடம் நிற்காமல் நடக்கும்வரை கட்டிலைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகும் நான்கு படி ஏறி, நின்று, நான்கு மூச்சு விட்டு, அடுத்த நான்கு. குத்துக்காலிட்டு முக்குவது இந்த நோய்க்கு ஆகாது. இந்தியக் கழிவறை மேல் வைக்கும் கம்மோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்த நாள் அசதி. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் எழ முடியவில்லை, மறுநாள் காலையிலும் அசதி என்றால் நேற்று அதிகம் செய்தாயிற்று. அளவைப் பாதியாக்குங்கள், முழுதாக நிறுத்தவேண்டாம்.

உடனே 108

ஓய்வெடுத்தும் தீராத நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருந்தும் மூச்சுத்திணறல், நுரையாக அல்லது இளஞ்சிவப்பாக வரும் சளி, திடீர்க் குழப்பப் பேச்சு. இதில் எதற்கும் நாளை ஓ.பி. வரை காத்திருக்கக் கூடாது. படுக்க வைக்காமல் காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். மயங்கியவரை மட்டும் படுக்க வையுங்கள். ஐ.சி.டி. (துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் தானே ஷாக் கொடுக்க உடம்புக்குள் வைக்கும் கருவி) வைத்தவருக்கு ஒரு ஷாக் அடித்து, பிறகு நன்றாக இருந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு அடித்தாலோ, ஒன்றுக்கே தளர்ந்தாலோ 108. எந்த நாடிவேகத்தில் அந்தக் கருவி ஷாக் கொடுக்கும் என்பதை டிஸ்சார்ஜின்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சியில் நாடி அதற்கு 10, 20 குறைவாகவே நிற்க வேண்டும்.

உதவி கிடைக்கும் இடமும் வேலைக்குத் திரும்புதலும்

வாரம் மூன்று நாள் உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி மதுரை வந்து பயிற்சி செய்வது பலருக்கு நடக்காத காரியம். பஸ் பயணமே பயிற்சியைவிடக் களைப்பு. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் பேப்பரைக் காட்டிப் பதிவு செய்யக் கேளுங்கள். வருபவரிடம் இது பக்கவாதமோ மூட்டுவலியோ அல்ல, ஹார்ட் ஃபெயிலியர் என்று முதலிலேயே சொல்லி, மூன்று சோதனை எண்களையும் எடை நோட்டையும் காட்டுங்கள்.

நம் பக்கத்தில் இந்த நோய் மேலை நாடுகளைவிட முன்னதாகவே வருகிறது. 2013-இல் திருவனந்தபுரம் ஹார்ட் ஃபெயிலியர் பதிவேட்டில் சேர்ந்த 1205 பேரின் சராசரி வயது 61. அதாவது வயலுக்கும் கடைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதைத் தேதி பார்த்துச் சொல்ல முடியாது. வேலையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கல்லாவில் உட்காருவது ஒன்று, நிறைகுடம் தூக்குவது வேறு. 15 லிட்டர்க் குடம் என்றால் 15 கிலோ, அதையும் இடுப்பில் ஒரு பக்கமாக. எட்டாம் வாரத்துக்கு முன் அது வேண்டாம். பிறகும் 3 லிட்டர்த் தூக்குவாளியில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். குனிந்து களையெடுப்பது கடைசியில் வரட்டும். குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டினால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது என்று அர்த்தம், அதை ஓ.பி.யில் சொல்ல வேண்டும்.

12-ஆம் வாரம் அதே மூன்று சோதனையையும் அதே சேரில், அதே 4 மீட்டரில் மறுபடி செய்யுங்கள். பக்கத்தில் 30 மீட்டர் வராந்தா கிடைத்தால் பிசியோதெரபிஸ்ட் 6 நிமிட நடைச் சோதனையும் எடுப்பார். முன்னதைவிட 30 மீட்டர் கூடினாலே அது கணக்கில் வரும் முன்னேற்றம். முன்னேற்றம் தெரியாவிட்டால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு மூன்றையும் பார்த்தாயிற்றா என்று டாக்டரைக் கேளுங்கள். முன்னேற்றம் தெரிந்தாலும் சேர்ப் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது தொடரட்டும். விட்டால் சில வாரங்களிலேயே கால் பழையபடி ஆகிவிடும்.